பதினேழு வீதம்

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடிக்குப்
பதினெட்டு வீடுகள், கீழே ஒரேயொரு பிளக்.
அதில் தண்ணீர் மோட்டர்.
இரவில் அதைத் தரச்சொல்லிக் கூட்டத்தில் கேட்டேன்.
செயலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"இண்டைக்கு உங்களுக்குத் தந்தால்
நாளைக்கு எல்லாரும் கேப்பினம்."
எல்லாரும் என்றால் கார் வைத்திருக்கும் ஐந்து பேர்.
அதில் நாலு பேர் பெற்றோல்.

அதனால்தான் இந்தப் பத்தரை மணி,
தெஹிவளையில் ஒரு தளபாடக் கடையின் பின்புறம்.
இரண்டு இயந்திரங்கள்.
போனில் பார்த்தால் இரண்டும் பச்சை.
நேரில் ஒன்றுக்கு வெசாக்கிலிருந்து
பொலித்தீன் சுற்றியிருக்கிறது.
உள்ளே ஒரு பல்லி.
அதற்கு மட்டும் எப்போதும் இடமுண்டு.

மற்றதற்கு எனக்கு முன்னால் மூன்று கார்.
கடைக் கண்ணாடிக்கு அப்பால்
விலைச்சீட்டுத் தொங்கும் மெத்தைகள்,
விடிய விடிய வெளிச்சத்தில், ஒரு மடிப்பும் விழாமல்.
இந்தப் பக்கம் நாங்கள்,
நுளம்பை அடித்தபடி.

இங்கே பெயர் கேட்கும் வழக்கமில்லை.
"கீயத?" என்பார்கள்.
இருபத்தொன்பது.
பதினொன்று, களுபோவில ஆஸ்பத்திரியில்
டியூட்டி முடிந்து நேரே வந்தவள்.
நான் பதினேழு.
பெற்றோலுக்கு இரண்டு நாள் தெருவில் படுத்து,
இனி வாழ்நாளில் வரிசையில் நிற்பதில்லை என்று
சத்தியம் பண்ணி நாங்கள் வாங்கிய கார்கள் இவை.

என்னுடையது ஜப்பானில் யாரோ ஓடித் தேய்த்தது.
பற்றரிக்குப் பன்னிரண்டு கோடு இருக்கவேண்டும்,
எட்டில் நிற்கிறது.
காலையில் திறந்தால் ஒரு பெண்குரல்
பணிவாக ஏதோ சொல்லும்.
புதுக்கடை நீதிமன்றத்தில் நாள் முழுக்க
சிங்களத்தைத் தமிழாக்குவதும்
தமிழைச் சிங்களமாக்குவதும் என் வேலை.
ஒரு கொலையை இரண்டு மொழியிலும்
குரல் மாறாமல் சொல்லியிருக்கிறேன்.
இந்த ஒரு வசனம்தான் விளங்கவில்லை.
வணக்கமாக்கும் என்று
மூன்று வருடமாய்ப் பதில் வணக்கம் சொல்லி வருகிறேன்.

பதினொன்றரைக்குப் பூச்சியத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.
தள்ளியது கொத்துக்கடைப் பொடியன்கள் இரண்டு பேர்,
எண்ணெய்க் கையோடு.
ஆமைப் படம் எரிந்து, அதுவும் அணைந்துபோன கார்.
"வரிசை வரிசைதான்" என்றார் இருபத்தொன்பது.
அதற்குள் நாற்பத்தாறாகிவிட்ட பதினொன்று
ஒன்றும் பேசாமல் இறங்கிக் கேபிளைக் கழற்றி
அந்த ஆளிடம் நீட்டினாள்.
தன் இடத்தைக் கொடுத்தாள்,
எங்களுடையதையும் சேர்த்து.

பூச்சியம் வெட்கப்பட்டு
ஒவ்வொரு காராய்ப் போய் நன்றி சொன்னார்.
என்னிடம் வந்த நேரம்
முன்னுக்கு நகர்த்தக் காரைத் திறந்தேன்.
பெண்குரல் பேசியது. அவர் சிரித்துவிட்டார்.
நாகோயாவில் ஆறு வருடம்
கதவு பூட்டும் வேலை செய்தவராம்.
"என்ன சொல்கிறாள்?"
"கார்ட் போடவில்லை என்கிறாள், மிஸ்.
அங்கே நெடுஞ்சாலைக் கட்டணத்துக்கு ஒரு கார்ட்.
இங்கே இல்லை."
அவர் சொன்னது சிங்களத்தில்.
வேலைப் பழக்கத்தில் மனசுக்குள் தமிழாக்கினேன்,
ஒரு சொல்லும் விடாமல்.

ஒன்றரைக்கு என் முறை.
கேபிள் நனைந்த சாக்கின் கனம்.
அறுபத்திரண்டில் போதுமென்று எடுத்தேன்.
பின்னால் ஐந்து,
ஸ்டியரிங்கில் தலைவைத்து நித்திரை.
கண்ணாடியில் தட்டி எழுப்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால்
கீழே மோட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது.
மேலே தாங்கி நிரம்பி
சுவரால் தண்ணீர் வழிகிறது.
எத்தனை மணியிலிருந்தோ.
அதை நிறுத்தினேன்.
பிளக் சும்மா இருந்தது.
கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு
படியேறினேன்.

காலையில் காரைத் திறந்தேன்.
அவள் சொன்னாள்.
"தெரியும்" என்றேன்.